சோயா உணவு ஒவ்வாதோர் அறிய வேண்டியவை

கற்பிட்டிக் கமக்காரரே! தென்மேற்குப் பருவக் காற்றினால் கடல் கொந்தளித்து மீன் அரிதாகும் நாட்களில், கடையிற் கிடைக்கும் சோயா மீற் பல இல்லங்களிற் கறியாகின்றது. உலர்ந்த சோயா விதையில் நூற்றுக்கு 36 முதல் 40 பங்கு வரை புரதம் உண்டு. ஆயினும் இந்நல்லுணவு சிலருக்கு ஒவ்வுவதில்லை. அவர்கள் செய்யத்தக்கவற்றை ஈண்டுக் கூறுவோம்.

இருவகைத் தொல்லைகள்

முதலாவது செரியாமை. சோயாவிலுள்ள ரபினோசு, ஸ்டாக்கியோசு என்னும் சர்க்கரைகளைப் பிளக்கும் நொதியம் மனிதரின் சிறுகுடலில் இல்லை. அவை பெருங்குடலை அடைந்து, அங்குள்ள பக்றீரியாக்களால் நொதித்து வாயுவாகின்றன. வயிற்றுப் பொருமல், வலி, பேதி என்பன இதன் குறிகள். இது துன்பந் தருமேயன்றி உயிருக்குத் தீங்கு செய்யாது.

இரண்டாவது ஒவ்வாமை. இது சோயாப் புரதத்தை உடல் பகையெனக் கருதி எதிர்ப்பதால் உண்டாவது. தோலில் தடிப்பு, உதடு வீங்குதல், வாந்தி, மூச்சுத் திணறல் ஆகியன உண்ட சில நிமிடங்களிலோ இரண்டொரு மணி நேரத்திலோ தோன்றும். மூச்சுத் திணறினாலோ மயக்கமுற்றாலோ சிறிதும் தாமதியாது 1990 என்னும் இலக்கத்திற்கு அழைத்து வைத்தியசாலைக்குக் கொண்டு செல்க.

காரணத்தைக் கண்டறிதல்

பொருமல் ஏற்பட்டவுடன் சோயாவைக் குறை கூறுதல் தகாது. அதே கறியில் இடும் வெங்காயமும் உள்ளியும் சிலருக்கு வாயுவை உண்டாக்கும். ஆகவே செரியாமை மட்டும் உடையோர் இரண்டு முதல் நான்கு வாரம் சோயாவை விலக்கி, பின்னர் சிறிதளவு உண்டு பார்த்தல் வேண்டும். உண்டவற்றையும் கண்ட குறிகளையும் நாடோறும் எழுதி வைத்தல் நன்று. ஒவ்வாமைக் குறி ஒருமுறையேனும் கண்டோர் இச்சோதனையை வீட்டிற் செய்யலாகாது. வைத்தியரையே நாடுதல் வேண்டும்.

சமைக்கும் முறை

செரியாமையுடையோர் சோயா விதையை இரவு முழுதும் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டி, புது நீரில் நன்கு வேகவைத்து உண்க. சோயா மீற்றை வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்து, அந்நீரையும் அகற்றுக. இதனால் வாயு விளைக்கும் சர்க்கரையின் ஒரு பகுதி நீங்கும். ஒவ்வாமையுடையோருக்கு இம்முறைகள் பாதுகாப்பாகா.

மறைந்திருக்கும் சோயா

சோயா சோஸ், பிஸ்கற், பதனிட்ட இறைச்சி ஆகியவற்றிலும் சோயா இருத்தல் கூடும். ஒவ்வாமையுடையோர் பொதியிலுள்ள சேர்மானப் பட்டியலை ஒவ்வொரு முறையும் வாசித்தல் அவசியம்.

தாய்மாருக்கு

கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் நிறை குறைந்த குழந்தைகளுக்கும் வழங்கப்படும் திரிபோஷவிலும் சோளத்துடன் சோயா உண்டு. குழந்தைக்கு அது ஒவ்வவில்லையென ஐயுற்றால் கொடுப்பதை நிறுத்தி, உடனே குடும்ப சுகாதார மாதுவிடம் தெரிவிக்க. மாற்றுணவின்றி வாளாவிருப்பின் குழந்தை மேலும் மெலியும். இளமையிற் தோன்றும் சோயா ஒவ்வாமை பலருக்கு வளர வளர நீங்குவதுண்டு. ஆதலால் வைத்தியர் கூறுங் காலத்தில் மீண்டும் பரிசோதிப்பித்தல் நலம்.

மாற்றுணவு

மீன், கருவாடு, முட்டை என்பன சோயாவின் இடத்தை நிரப்பும். முளைகட்டிய பாசிப்பயற்றில் வாயு விளைக்கும் சர்க்கரை குறைவு. சோயாவும் நிலக்கடலையும் அவரையினத்தவையே எனினும், ஒன்று ஒவ்வாதவருக்கு மற்றையதும் ஒவ்வாதென்பது நியதியன்று. காரணமின்றிப் பல உணவுகளை விலக்கி உடலை வாட்டாதீர்.