எழுதுபலகை கேட்ட செக்கரியாவும் நம் வகுப்பறைகளும்



திருமுழுக்கு யோவானுக்குப் பெயர் சூட்டிய நிகழ்ச்சியை லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் வாசிக்கிறோம். உற்றாரும் உறவினரும் கூடியிருக்கிறார்கள். தகப்பனின் பெயரையே பிள்ளைக்கு வைப்பது என்று அவர்களாகவே முடிவு செய்துவிட்டார்கள். தாய் எலிசபெத்து மறுத்துச் சொன்னது அவர்களுக்குப் போதவில்லை. தகப்பன் செக்கரியாவோ பேச்சிழந்து இருக்கிறார். சைகை காட்டி அவரிடம் கேட்கிறார்கள். அவர் ஓர் எழுதுபலகையைக் கேட்டு வாங்கி, பிள்ளையின் பெயர் யோவான் என்று எழுதிக் காட்டுகிறார். எல்லாரும் வியப்படைகிறார்கள்.

இதில் நாம் அதிகம் கவனிக்காத ஒன்று உண்டு. செக்கரியா அந்தப் பலகையை வாங்கியது தண்ணீரோ உணவோ கேட்பதற்காக அல்ல. ஊரார் எடுத்த முடிவை மறுப்பதற்காக. பேச முடியாத ஒருவருக்காக மற்றவர்கள் பேசி முடித்துவிட்ட வேளையில், 'அப்படி அல்ல' என்று சொல்ல அவருக்கு ஒரு கருவி கிடைத்தது. பேச இயலாத பிள்ளைகளுக்கு இன்று கிடைக்கும் கணினிக் கருவிகளைப் பற்றிச் சிந்திக்கும்போது இதை மனதில் கொள்வது நல்லது.

திருவண்ணாமலையில் ரமணாசிரமம் இருக்கும் பகுதியில் வாழ்கிறவர்களுக்கு மௌனம் என்பது பழகிய சொல். அதைத் தேடி உலகின் பல நாடுகளிலிருந்தும் இங்கே வருகிறார்கள். 1902ஆம் ஆண்டில் சிவப்பிரகாசம் பிள்ளை என்ற வருவாய்த்துறை ஊழியர் மலைக்குச் சென்று ரமண மகரிஷியிடம் சில கேள்விகள் கேட்டார். அப்போது மகரிஷி பேசுவதில்லை. மணலிலும் பலகையிலும் எழுதியே பதில் தந்தார். அந்தப் பதில்களே பின்னாளில் 'நான் யார்?' என்ற நூலாயின. பேச்சு இல்லாததால் அவரிடம் சொல்ல ஒன்றுமில்லை என்று அன்று யாரும் நினைக்கவில்லை.

ஆனால் அது அவராக ஏற்றுக்கொண்ட மௌனம். அதே ஊரில், அதே தெருக்களில், தாம் கேட்காமலே மௌனம் சுமத்தப்பட்ட பிள்ளைகளும் வாழ்கிறார்கள். மூளை முடக்குவாதத்தால் நாவும் உதடும் சொன்னபடி கேட்காத பிள்ளைகள் உண்டு. ஆட்டிசம் உள்ள சில பிள்ளைகளுக்குச் சொற்கள் வெளியே வருவதில்லை. அவர்களைப் பார்த்து, 'இதற்கு என்ன புரியும்?' என்று அவர்கள் முன்னாலேயே பேசுகிறோம். புரிந்துகொள்வது வேறு, வாய் திறந்து பேசுவது வேறு. இந்த ஒரு வேறுபாட்டை ஏற்றுக்கொண்டால்தான் மற்றவை எல்லாம் தொடங்கும்.

கருவி எப்படி வேலை செய்கிறது?

மிக எளிய கருவி ஓர் அட்டைதான். அதில் படங்களையும் சொற்களையும் ஒட்டிவைத்தால், பிள்ளை விரலால் தொட்டோ கண்ணால் பார்த்தோ தன் எண்ணத்தைக் காட்டும். கணினி இதற்குக் குரல் கொடுக்கிறது. படத்தைத் தொட்டதும் அந்தச் சொல்லை உரக்கச் சொல்கிறது. அறையின் மறுகோடியில் இருப்பவரும் திரும்பிப் பார்க்கிறார். அட்டையைப் பார்க்க ஒருவர் அருகில் இருந்தாக வேண்டும். குரலுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

கையைத் தூக்கிப் படத்தைத் தொட முடியாத பிள்ளைக்கும் வழி உண்டு. திரையில் உள்ள படங்கள் வரிசை வரிசையாக ஒளிரும். தனக்கு வேண்டிய வரிசை ஒளிரும்போது பிள்ளை ஒரு பொத்தானை அழுத்தும். பிறகு அந்த வரிசையின் படங்கள் ஒவ்வொன்றாக ஒளிரும். வேண்டிய படம் வந்ததும் மறுபடி அழுத்தும். கை, கால், தலை, கன்னம் என எந்த உறுப்பு ஓரளவு வசப்படுகிறதோ அதைக் கொண்டு அழுத்தினால் போதும். 1985இல் குரலை இழந்த அறிவியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங், 2018இல் இறக்கும்வரை இத்தகைய கருவிகளைக் கொண்டே பேசினார்; நூல்கள் எழுதினார். 1986 முதல் வத்திக்கானின் திருப்பீட அறிவியல் கழகத்தில் உறுப்பினராகவும் இருந்தார்.

இது மேலைநாட்டுக்கு மட்டும் உரியதல்ல. மூளை முடக்குவாதம் உள்ள ஒரு மகனின் தாயான பூனம் நடராஜன் 1985இல் சென்னையில் ஒரு மையம் தொடங்கினார். இன்று அது வித்யாசாகர் என்ற பெயரில் கோட்டூர்புரத்தில் இயங்குகிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த பொறியாளர் அஜித் நாராயணன், அங்குள்ள பிள்ளைகளோடும் ஆசிரியர்களோடும் சேர்ந்து உழைத்து 'ஆவாஸ்' என்ற பேசும் கருவியை உருவாக்கினார். ஆவாஸ் என்றால் இந்தியில் குரல் என்று பொருள். அதற்கு முன் இத்தகைய கருவிகளை லட்சக்கணக்கில் செலவழித்து வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்தது; அவை இந்திய மொழிகளும் பேசவில்லை. ஆவாஸுக்கு 2010இல் குடியரசுத் தலைவரின் தேசிய விருது கிடைத்தது. பின்னர் அது கைக்கணினியில் இயங்கும் செயலியாகவும் வந்தது, தமிழிலும் பேசுகிறது. மும்பை ஐ.ஐ.டி. உருவாக்கிய 'ஜெல்லோ' போன்ற இலவசச் செயலிகளும் உண்டு.

தமிழுக்கென்று ஒரு சிக்கலும் இருக்கிறது. நான், பள்ளி, போ என்று மூன்று படங்களை ஒரு பிள்ளை தொடுகிறது. 'நான் பள்ளிக்குப் போகிறேன்' என்கிறதா, 'போனேன்' என்கிறதா, 'போகட்டுமா' என்று கேட்கிறதா? நம் மொழியில் வேற்றுமை உருபும் வினை விகுதியும்தான் பொருளை முடிக்கின்றன. படத்தில் அவற்றைக் காட்டுவது எளிதல்ல. இலக்கணம்தான் பல பிள்ளைகளுக்குத் தடை என்பதை உணர்ந்த அஜித் நாராயணன், யார், எதை, எங்கே, எப்போது என்ற கேள்விகளைக் கொண்டு சொற்களை இணைக்கும் முறையை வகுத்து, 2013இல் ஓர் உரையில் விளக்கினார். வகுப்பில் ஆசிரியர் செய்யக்கூடியதும் இதுவே. பிழை திருத்தாமல், 'நேற்றா, இன்றா?' என்று கேட்டு, பிள்ளை சொல்ல நினைத்ததை முழு வாக்கியமாகத் திருப்பிச் சொல்லலாம்.

எங்கே தவறுகிறோம்?

கருவி கிடைத்துவிட்டாலே எல்லாம் ஆகிவிடாது. கருவியில் நாம் எந்தச் சொற்களை வைக்கிறோம் என்று பாருங்கள். தண்ணீர், சோறு, கழிப்பறை, பொம்மை. இவை தேவையானவைதான். ஆனால் இவை மட்டும் இருந்தால், பிள்ளை கேட்டு வாங்க மட்டுமே முடியும். வேண்டாம், இல்லை, நிறுத்து, ஏன், இன்னும், என் முறை, எனக்குப் பிடிக்கவில்லை, வலிக்கிறது, புரியவில்லை: இவை இல்லாத பலகை பாதிப் பலகைதான். தன்னை யாராவது துன்புறுத்தினால் அதை வெளியே சொல்வதற்கும் அந்தப் பிள்ளைக்குச் சொல் வேண்டும். இது பாதுகாப்பு சம்பந்தப்பட்ட காரியம்.

இரண்டாவது, கருவியைப் பூட்டி வைப்பது. உடைந்துவிடும் என்று பள்ளி அலமாரியில் வைத்துவிட்டால், மாலை நான்கு மணிக்குப் பிள்ளையின் நாவையும் சேர்த்துப் பூட்டுகிறோம். குறும்பு செய்ததற்குத் தண்டனையாகக் கருவியைப் பிடுங்குவதும் அப்படியே. பேசும் பிள்ளையின் வாயை யாரும் அலமாரியில் வைப்பதில்லை.

மூன்றாவது, பொறுமையின்மை. ஒரு வாக்கியம் அமைக்க அந்தப் பிள்ளைக்குச் சில நிமிடங்கள் ஆகலாம். அதற்குள் ஆசிரியரோ பக்கத்தில் இருப்பவரோ பதிலைச் சொல்லிவிடுகிறார்கள். நாலைந்து முறை இப்படி நடந்தால் பிள்ளை முயற்சியையே விட்டுவிடும். கேள்வியைக் கேட்டுவிட்டு, மற்றப் பிள்ளைகள் கணக்குப் போடும் நேரத்தில் அந்தப் பிள்ளை பதிலை அமைக்க விடலாம்.

நான்காவது, பெரியவர்கள் கருவியைத் தொடாமல் இருப்பது. நாம் வாயால் பேசுவதைக் கேட்டுத்தான் குழந்தைகள் பேசக் கற்கிறார்கள். கருவியில் பேச வேண்டிய பிள்ளைக்கு அதில் பேசிக் காட்டுகிறவர்கள் வேண்டும். ஆசிரியரும் தாயும் உடன் படிக்கும் பிள்ளைகளும் படங்களைத் தொட்டுப் பேசினால், அது வகுப்பு முழுவதற்கும் தெரிந்த மொழியாகிவிடும்.

ஓர் அச்சமும் ஓர் எச்சரிக்கையும்

'கருவியைக் கொடுத்தால், வரக்கூடிய பேச்சும் நின்றுவிடாதா?' என்று பெற்றோர் அஞ்சுவது இயல்பு. இது குறித்த ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் வெளியான ஒரு கட்டுரை, நம்பத்தக்க சான்று உள்ளவர்களுள் ஒருவருக்குக்கூடக் கருவியால் பேச்சு குறையவில்லை என்றும் பெரும்பாலோருக்குப் பேச்சு கூடியது என்றும் காட்டியது. ஆகவே, பேச்சு வருமா என்று ஏழெட்டு வயதுவரை காத்திருந்து காலத்தை இழக்க வேண்டாம்.

எச்சரிக்கை இது. பிள்ளையின் கையைப் பிடித்து எழுத்துகளைத் தொட வைத்து, அதைப் பிள்ளையின் பேச்சு என்று காட்டும் ஒரு முறையும் பரவியிருக்கிறது. சோதித்துப் பார்த்தபோது, வருகிற சொற்கள் பிடித்திருப்பவருடையவை என்று தெரிந்தது. அமெரிக்கப் பேச்சு, மொழி, செவித்திறன் சங்கம் 2018இல் அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று மீண்டும் அறிவுறுத்தியது. பொத்தானை அழுத்துவது கையோ தலையோ கன்னமோ, அது பிள்ளையின் சொந்த அசைவாக இருக்க வேண்டும். அன்பினால் செய்தாலும், ஒருவர் பெயரில் நாம் பேசிவிடுவது அவர் வாயை மீண்டும் அடைப்பதுதான்.

நாம் செய்யக்கூடியவை

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பேச்சுக்கு மாற்றான வழிகளையும் தகவல் தொடர்பு என்றே ஏற்கிறது. கல்வியில் அவற்றை ஊக்குவிப்பது அரசின் கடமை என்கிறது. நாற்பது விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடு உள்ள ஆறு முதல் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு, அருகிலுள்ள பள்ளியிலோ தான் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்கும் உரிமை உண்டு. வட்டார வள மையத்தில் உள்ள சிறப்பாசிரியர்களை அணுகி வழி கேட்கலாம். இது சலுகை அல்ல, உரிமை என்று தெரிந்துகொண்டு பெற்றோர் கேட்க வேண்டும். அவர்களோடு துணைக்குச் செல்வது அன்பியங்கள் செய்யக்கூடிய நல்ல பணி.

கைக்கணினி வாங்க வசதி இல்லையே என்று காத்திருக்கவும் வேண்டாம். ஓர் அட்டையில் பன்னிரண்டு படங்களோடு இன்றே தொடங்கலாம். அவற்றுள் ஒன்று 'வேண்டாம்' என்பதாக இருக்கட்டும். பிள்ளை அதைத் தொட்டால், ஊட்டுவதை உடனே நிறுத்திக் காட்டுங்கள். தன் சொல்லுக்கு வலிமை உண்டு என்பதைப் பிள்ளை அறிகிற முதல் பாடம் அதுதான்.

நம் மறைக்கல்வி வகுப்பும் ஒரு வகுப்பறைதான். பேச முடியாத பிள்ளையைப் புதுநன்மைக்குத் தயாரிப்பது எப்படி என்று தயங்கி, பல குடும்பங்கள் கேட்காமலே இருந்துவிடுகின்றன. ஒப்புரவு அருளடையாளத்தில் மொழிபெயர்ப்பாளரின் உதவியைக்கூடத் திருச்சபைச் சட்டம் (990) தடை செய்யவில்லை. ஆகவே உங்கள் பிள்ளையின் அட்டையையோ கருவியையோ கோவிலுக்கும் கொண்டுவாருங்கள். அதில் இயேசு, மாதா, நன்றி, மன்னியுங்கள் என்ற சொற்களையும் சேருங்கள். அந்தப் பிள்ளை செபத்தைச் சொல்லி முடிக்கும்வரை நாம் காத்திருப்போம்.

பிள்ளைகளின் குரலைக் கேட்கும் செவியை ஆண்டவர் நமக்குத் தருவாராக.