முதல் ஆயிரம் கிலோமீட்டர்

சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகே, பல்லவன் சாலையில் இருக்கிறது பாடிகாட் முனீஸ்வரன் கோயில். புது வண்டி எடுத்தவர்கள் பலர் ஷோரூமிலிருந்து நேரே இங்கேதான் வருகிறார்கள். சந்தனம், குங்குமம் வைத்து, ஹேண்டில்பாரில் மாலை போட்டு, தீபாராதனை காட்டியதும் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கப்படும். வண்டி மெல்ல முன்னால் நகரும். பழம் நசுங்கும். மீட்டரைப் பார்த்தால் பத்துப் பதினைந்து கிலோமீட்டர்தான் காட்டும். அங்கே தொடங்கி ஆயிரம் கிலோமீட்டர் வரையிலான நாட்கள்தான் சந்தோஷமும் சந்தேகமும் மாறி மாறி வரும் நாட்கள்.

தமிழ்நாட்டில் 100 சிசி, 125 சிசி வண்டி என்பது பல குடும்பங்களுக்குப் பிழைப்பின் ஒரு பகுதி. பால் கேன் ஏறுவதும் அதில்தான், பிள்ளைகள் பள்ளிக்குப் போவதும் அதில்தான், கொத்தனாரின் கரண்டியும் மட்டப்பலகையும் ஊர் ஊராகப் போவதும் அதில்தான். 1985-இல் ஹீரோ ஹோண்டா சிடி 100 வந்தபோது, பெட்ரோல் போட்டு மூடிவிட்டு மறந்துவிடலாம் என்ற பொருளில் விளம்பரம் செய்தார்கள். சின்ன வண்டிகளுக்கு அந்தப் பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. ஆனால் எந்த வண்டியையும் முதல் சில வாரங்களுக்கு மறந்துவிடக் கூடாது. அந்த நாட்களில் நம்மைப் பதற வைக்கும் விஷயங்களில் பெரும்பாலானவை இயல்பானவை. சில மட்டும் உண்மையான பழுது. எது எது என்று தெரிந்துகொண்டால் தேவையில்லாத கவலை குறையும், வாரண்டியும் வீணாகாது.

பில் சொல்லும் கணக்கு

விளம்பரத்தில் பார்த்த விலைக்கும் கையெழுத்துப் போடும் தொகைக்கும் உள்ள இடைவெளிதான் முதல் அதிர்ச்சி. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையுள்ள இருசக்கர வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது உண்மைதான். ஆனால் ஷோரூம் விலைக்கு மேல் ஆயுள் வரி இருக்கிறது. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் மாற்றி அமைக்கப்பட்ட விகிதப்படி, ஒரு லட்சம் ரூபாய் வரை விலையுள்ள புது வண்டிக்கு 10 சதவீதம், அதைத் தாண்டினால் 12 சதவீதம். அதன்பின் பதிவுக் கட்டணம், இன்சூரன்ஸ். இவை தவிர்க்க முடியாதவை. கிராஷ் கார்டு, சீட் கவர், பாலிஷ் பேக்கேஜ் போன்றவை அப்படி அல்ல. வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

சில விஷயங்களை வாங்குபவர் கேட்டே பெறலாம். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, இருசக்கர வண்டி விற்கும்போது பிஐஎஸ் தரமுள்ள ஹெல்மெட்டும் தரப்பட வேண்டும். பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடி, கால் வைக்க இடம், பின்சக்கரத்தில் உடை சிக்காமல் தடுக்கும் மறைப்பு மூன்றும் இருக்க வேண்டும் என்பதும் விதி. சேலை முந்தானையும் துப்பட்டாவும் சக்கரத்தில் சிக்கி நேரும் விபத்துகள் நம் ஊர்களில் புதிதல்ல. அழகாக இல்லை என்று சாரி கார்டைக் கழற்றி வைக்கும் இளைஞர்கள் இதை ஒரு முறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

கடனில் எடுப்பவர்கள் வட்டிக் கணக்கில் கூடுதல் கவனம் காட்ட வேண்டும். 60,000 ரூபாய்க் கடன், மூன்று வருடம், 'ஃபிளாட்' வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வட்டி மட்டும் 18,000 ரூபாய். மாதத் தவணை ஏறக்குறைய 2,167 ரூபாய். மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வந்தாலும், முதல் நாள் இருந்த முழு அசலுக்கே கடைசி வரை வட்டி போடுவதுதான் ஃபிளாட் முறை. குறையும் அசலின் மேல் கணக்கிட்டால் இதே கடனுக்கு வட்டி விகிதம் ஏறத்தாழ 18 சதவீதம் ஆகிவிடுகிறது. எனவே எத்தனை சதவீதம் என்று கேட்பதோடு நிற்காமல், மொத்தம் எவ்வளவு கட்டப்போகிறோம் என்பதையும் கேட்க வேண்டும். கடன் முடிந்ததும் நிதி நிறுவனத்திடம் என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் வாங்கி, ஆர்.சி.யில் உள்ள அடமானப் பதிவை நீக்குவதும் உரிமையாளரின் வேலைதான்.

என்ஜின் செட்டாகும் காலம்

'முதல் ஆயிரம் கிலோமீட்டர் மெதுவா ஓட்டு' என்று வீட்டுப் பெரியவர்களும் சொல்கிறார்கள், மெக்கானிக்கும் சொல்கிறார். காரணம் என்ஜினுக்குள்ளே இருக்கிறது. சிலிண்டரின் உட்சுவர் கண்ணாடி போல வழவழப்பானது அல்ல. தொழிற்சாலையிலேயே அதில் குறுக்கும் நெடுக்குமாக மிக நுண்ணிய கோடுகள் போடப்பட்டிருக்கும். ஆயில் தங்குவது அந்தக் கோடுகளில்தான். பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்கள் இந்தச் சுவரில் உரசி உரசி, மேடுகள் லேசாகத் தேய்ந்து, இரண்டும் நன்றாகப் பொருந்த வேண்டும். புதுச் செருப்பு காலுக்குப் பழகுவது போலத்தான் இதுவும். அப்படிப் பொருந்தினால்தான் எரியும் வாயு கீழே கசியாது. ஆயிலும் மேலேறி எரியாது. கியர் பற்கள், கிளட்ச் தட்டுகள், பேரிங்குகள் எல்லாம் இதே நாட்களில்தான் ஒன்றுக்கொன்று இணங்குகின்றன.

இந்தக் காலத்தில் ஆக்சிலரேட்டரை முழுதாக முறுக்கக் கூடாது. அதேபோல, புறவழிச் சாலையில் ஒரே வேகத்தில் மணிக்கணக்காகப் போவதும் நல்லதல்ல. வேகம் கொஞ்சம் ஏறி இறங்க வேண்டும், கியர்கள் எல்லாம் பயன்பட வேண்டும். மிக மெதுவாகப் போகிறேன் என்று டாப் கியரில் 25-இல் உருட்டுவதும் என்ஜினுக்குச் சுமைதான். வேக வரம்பு வண்டிக்கு வண்டி மாறும். சீட்டுக்கு அடியில் பிரிக்கப்படாமலே கிடக்கும் கையேட்டில் அது இருக்கிறது.

டயருக்கும் பிரேக்குக்கும்கூடப் பழக்கம் வேண்டும். புது டயரின் மேற்பரப்பு வழுக்கலாக இருக்கும். அது சற்றுத் தேய்ந்த பிறகுதான் சாலையை நன்றாகப் பிடிக்கும். முதல் நூற்றைம்பது கிலோமீட்டர் வரை வளைவில் சாய்த்து ஓட்டுவதையும், ஈரச் சாலையில் சட்டென்று பிரேக் அடிப்பதையும் தவிர்க்க வேண்டும். ஹேண்டில்பார் மாலையையும் கோயில் வாசலிலேயே கழற்றிவிட வேண்டும். நார் அறுந்து முன்சக்கரத்தில் சுற்றினால் ஆபத்து.

பயப்பட வேண்டியது, வேண்டாதது

முதல் நாள் வீட்டுக்கு வந்து நிறுத்தியதும் சைலன்ஸர் பக்கமிருந்து கருகல் வாசனை வரும். பூச்சும், தொழிற்சாலையில் ஒட்டிய எண்ணெயும் சூட்டில் எரிவதால் வருவது அது. சில நாட்களில் போய்விடும். என்ஜினை அணைத்த பிறகு கேட்கும் 'டிக் டிக்' சத்தம், சூடான உலோகம் ஆறிச் சுருங்குவதால் எழுவது. காலையில் சைலன்ஸர் முனையில் சொட்டும் தண்ணீர், பெட்ரோல் எரியும்போது உண்டாகும் நீராவி குளிர்ந்து நீராவதால் வருகிறது. சாவியைத் திருப்பியதும் 'உய்ங்' என்று கேட்பது, பெட்ரோல் பம்ப் அழுத்தம் ஏற்றும் ஒலி. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 விதி வந்தபின் பெரும்பாலான சின்ன வண்டிகளிலும் கார்புரேட்டர் போய் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. பழைய வண்டி ஓட்டியவர்களுக்கு இந்த ஒலி புதிது.

பயப்பட வேண்டியவை வேறு. என்ஜின் அடியில் ஆயில் சொட்டு, நிறுத்தியிருக்கும்போது பெட்ரோல் வாசனை, கையை விடாமலே வண்டி ஒரு பக்கம் இழுப்பது, பிரேக் பிடி தளர்ந்து உள்ளே போவது, என்ஜின் ஓடத் தொடங்கிய பிறகும் அணையாத மஞ்சள் என்ஜின் விளக்கு. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் 'போகப் போகச் சரியாகும்' என்று விடக் கூடாது. உடனே சர்வீஸ் சென்டருக்குப் போய், சொன்ன குறையை ஜாப் கார்டில் எழுத வைத்து, நகலும் வாங்கிக்கொள்ள வேண்டும். பின்னால் வாரண்டி கேட்கும்போது அந்த நகல்தான் பேசும்.

நடுரோட்டில் நின்றுவிட்ட புது வண்டிகளில் பல, பழுதே இல்லாதவை. பல புது மாடல்களில் சைடு ஸ்டாண்டை மடக்காமல் கியர் போட்டால் என்ஜின் அணைந்துவிடும். என்ஜினை அணைக்கும் கில் சுவிட்ச் உள்ள வண்டிகளில், பார்க்கிங்கில் யாரோ ஒரு சிறுவன் அதைத் தட்டிவிட்டுப் போயிருப்பான். உரிமையாளர் விடாமல் ஸ்டார்ட்டரை அமுக்கி பேட்டரியை இறக்கிவிடுவார். இன்ஜெக்‌ஷன் வண்டிக்குப் பேட்டரி உயிர்நாடி. அது முழுதாக இறங்கிவிட்டால் கிக்கர் உதைத்தாலும் கிளம்பாமல் போகலாம். பெட்ரோல் வற்றும் வரை ஓட்டுவதும் கூடாது. டேங்குக்குள் இருக்கும் பம்ப் பெட்ரோலில்தான் சூடு தணிகிறது.

ஓட்டுபவருக்கும் புதுசு

ஏற்கெனவே ஓட்டிப் பழகியவர்களும் புது வண்டியில் சில நாள் தடுமாறுவார்கள். சில 100 சிசி வண்டிகளில் எல்லா கியரும் முன்பக்கம் மிதித்தால் விழும். வேறு சிலவற்றில் முதல் கியர் மட்டும் கீழே, மற்றவை மேலே. பழைய கால் பழக்கத்தில் கியரைக் கூட்டுவதற்குப் பதில் குறைத்துவிட்டால் வண்டி குலுங்கும். 2019 ஏப்ரல் முதல் 125 சிசி வரையுள்ள வண்டிகளில் கூட்டு பிரேக் முறை கட்டாயம் என்பதால், பின் பிரேக்கை மிதித்தாலே முன் பிரேக்கும் ஓரளவு பிடிக்கும். மணல் கிடக்கும் திருப்பத்தில் இதை உணர்ந்து மிதிக்க வேண்டும்.

100 சிசி என்ஜின்களின் சக்தி எட்டு குதிரைத்திறன் அளவுதான். இரண்டு பேரும் ஒரு அரிசி மூட்டையுமாக மேம்பாலம் ஏறும்போது வண்டி திணறினால் அது குறையல்ல, கியரைக் குறைக்கச் சொல்லும் அறிகுறி. பலர் கியரைக் குறைக்காமல் கிளட்சைப் பாதி பிடித்தபடி ஏற்றுகிறார்கள். கிளட்ச் தட்டுகள் தேய்ந்து கருகுவது இப்படித்தான்.

மைலேஜ் எங்கே போனது?

புது வண்டிக்காரரிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி, 'எவ்ளோ தருது?' என்பதுதான். முதல் வாரத்தில் பதில் ஏமாற்றமாகவே இருக்கும். உராய்வு அதிகமுள்ள நாட்களில் மைலேஜ் குறைவதும், என்ஜின் செட்டான பின் கூடுவதும் இயல்பு. விளம்பர எண் சோதனைக்கூடத்தில் எடுக்கப்பட்டது. சிக்னலும் குண்டும் குழியும் அதில் இல்லை. தவிர, இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கப்படுகிறது. எத்தனாலில் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு என்பதால் மைலேஜும் சற்றுக் குறையும். அது தண்ணீரையும் ஈர்க்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் டேங்க் மூடியைச் சுற்றித் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நூறு ரூபாய்க்குப் போட்டு, முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பது கணக்கே அல்ல. பம்ப் தானாக நிற்கும் வரை நிரப்பி, மீட்டரைக் குறித்துக்கொண்டு, இருநூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி, அதே பங்கில் அதே அளவுக்கு மீண்டும் நிரப்ப வேண்டும். 240 கிலோமீட்டர் ஓடி 4.2 லிட்டர் பிடித்தால், லிட்டருக்கு 57. இப்படி மூன்று முறை எடுத்த சராசரியை நம்பலாம். எண் குறைவாகவே இருந்தால் முதலில் டயரில் காற்றைப் பார்க்க வேண்டும், பிறகு பிரேக் உரசுகிறதா என்று.

முதல் சர்வீஸ்

எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். பெரும்பாலான சின்ன வண்டிகளுக்கு 500 முதல் 1,000 கிலோமீட்டருக்குள் முதல் சர்வீஸ் வரும். நாள் கணக்கும் உண்டு, இரண்டில் எது முந்துகிறதோ அதுதான் கெடு. தேய்ந்து உதிர்ந்த நுண்ணிய உலோகத் துகள்கள் எல்லாம் அந்த முதல் ஆயிலில்தான் மிதக்கின்றன. 'ஆயில் இன்னும் நல்லாத்தானே இருக்கு' என்று தள்ளிப்போட்டால் அந்தத் துகள்கள் என்ஜினுக்குள்ளேயே சுற்றும். கெடு தவறினால் வாரண்டிக்கும் சிக்கல்.

'இலவச சர்வீஸ்' என்றால் கூலி மட்டுமே இலவசம். ஆயிலுக்கும் வேறு பொருட்களுக்கும் பணம் கட்ட வேண்டும். செயினைச் சரிசெய்யச் சொல்ல வேண்டும். புதுச் செயின் முதல் சில நூறு கிலோமீட்டரில் தளர்வது வழக்கம். அதற்காக இறுக்கிக் கட்டவும் கூடாது. கையேட்டில் சொன்ன அளவு தொய்வு இல்லாவிட்டால் பேரிங் கெடும். வண்டி கையில் வந்ததும் கிளம்பும் முன் அங்கேயே ஒரு சுற்று ஓட்டிப் பார்க்க வேண்டும்.

இதற்குள் முதல் கீறலும் விழுந்திருக்கும். ரயில்வே ஸ்டேஷன் ஸ்டாண்டில் பக்கத்து வண்டியை இழுத்தவர் உரசிவிட்டுப் போயிருப்பார். ஆசையாய்த் துடைத்து வைத்த டேங்கில் அதைப் பார்ப்பது எவருக்கும் வலிக்கும். ஆனாலும் இன்சூரன்ஸ் கேட்கும் முன் கணக்குப் போட வேண்டும். ஒரு வருடம் எந்தக் கோரிக்கையும் இல்லாவிட்டால், அடுத்த வருடம் சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் 20 சதவீதம் தள்ளுபடி உண்டு. சின்னக் கீறலுக்காக அதை இழப்பது லாபமா என்று பார்க்க வேண்டும். இன்னொன்றும் இருக்கிறது. புது இருசக்கர வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு ஐந்து வருடத்துக்குச் சேர்த்தே எடுக்கப்படுகிறது. சொந்தச் சேதக் காப்பீடு வழக்கமாக ஒரு வருடம்தான். பாலிசியில் ஐந்து வருடம் என்று பார்த்துவிட்டு, முதல் வருட முடிவில் பாதிக் காப்பீடு காலாவதியானதைக் கவனிக்காதவர்கள் நிறையப் பேர். வண்டி திருடுபோனாலோ வெள்ளத்தில் மூழ்கினாலோ கைகொடுப்பது அந்த இரண்டாவது பாதிதான். முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் சேர்ந்த தள்ளுபடியும் போய்விடும் என்பதால், பாலிசியின் இரண்டு தேதிகளையும் வண்டி எடுத்த வாரமே தனித்தனியாகக் குறித்து வைக்க வேண்டும்.