காலிக் கோட்டையில் கடை எடுக்கலாமா?

மருதமுனைக் கைத்தறியில் கைவைத்த நம்மூர் வியாபாரிகள் பலருக்கும் இந்த ஆசை உண்டு. ஆசை நியாயமானதுதான். காலிக் கோட்டை 1988இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. உள்ளே மீரான் பள்ளிவாசல், மாணிக்கக்கல் வியாபாரம் செய்யும் முஸ்லிம்கள், 2007இல் தொடங்கிய இலக்கிய விழா, தெருவெல்லாம் உல்லாசப் பயணிகள். 2011இல் அதிவேகப் பாதை திறந்தபின் கொழும்பும் கிட்டவாகிவிட்டது.

வாடகையும் அதற்கேற்றதுதான். பழைய கட்டிடத்தில் சுவரை மாற்ற அனுமதி வேண்டும். கல்முனையில் போல் ஒரே இரவில் ஷட்டர் போட முடியாது! பேரம் பேசச் சிங்களமும் ஆங்கிலமும் தேவை.

ஆனால் முதலில் பார்க்க வேண்டியது பருவத்தை. காலியில் நல்ல வியாபாரம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. பிறகு தென்மேற்குப் பருவக்காற்று, கொந்தளிக்கும் கடல், குறையும் கூட்டம். அதே மாதங்களில்தான் நமது பொத்துவில் அறுகம்பையில் அலைச்சறுக்கு ஆட வெளிநாட்டவர் குவிகின்றனர். வாடிக்கையாளர் கரை மாறும்போது, நாம் மட்டும் வருட வாடகைக்கு முற்பணம் கட்டிவிட்டு ஒரே கரையில் உட்கார்ந்திருப்பதா?

குடும்பத்தோடு பெயருமுன், அங்குள்ள கடையொன்றில் ஆறு மாதம் அலுமாரி ஒன்று கேட்டுப் பாருங்கள். சாரம், மேசைவிரிப்புகளைக் கமிஷனுக்கு வையுங்கள். மே மாதம் மிச்சச் சரக்கை அறுகம்பைக்கு எடுக்கலாம். பிள்ளைகளின் பாடசாலையும் குழம்பாது. இரண்டு பருவத்துக் கணக்குக் கொப்பி கையில் இருந்தால், கோட்டைக் கடைக்காரரோடு வாடகை பேச அப்போது போகலாம், இன்ஷா அல்லாஹ்.