பழைய ஹார்டு டிஸ்கைக் கொடுத்துவிடாதீர்கள்!

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தாலும் முடிந்தது, மேசைக்கு அடியில் வருடக்கணக்காகத் தூசி குடித்துக் கிடந்த சிபியூக்கள் வீடு வீடாக, கடை கடையாக வெளியேறிக்கொண்டிருக்கின்றன. விண்டோஸ் 11 கேட்கிற பிராசசரும் டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதியும் அந்தப் பெட்டிகளில் பெரும்பாலும் கிடையாது. ஓராண்டு நீட்டிப்பை வைத்துச் சிலர் சமாளிக்கிறார்கள். மற்றவர்கள் லேப்டாப் வாங்கி, அதையே மேசைக் கம்ப்யூட்டராக வைத்துக்கொள்ள முடிவு செய்துவிட்டார்கள். இடமும் மின்சாரமும் மிச்சம். கரண்ட் போனால் யூபிஎஸ் அலறுவதும் இல்லை. நல்ல முடிவுதான்.

எந்த லேப்டாப் வாங்கலாம் என்று என்னிடம் கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, பழைய டிஸ்கை என்ன செய்யப்போகிறீர்கள் என்பதைத்தான். "எக்ஸ்சேஞ்சில் கொடுத்துடலாம்னு இருக்கேன்" என்ற பதில் வரும்போதெல்லாம் வயிற்றைக் கலக்குகிறது.

வாங்கும் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 16 ஜிபி ரேமுக்குக் குறைத்து வாங்காதீர்கள். மெல்லிய மாடல்கள் பலவற்றில் ரேம் போர்டோடு ஒட்டியே வருகிறது, பிறகு கூட்ட முடியாது. டைப்-சி ஓட்டை இருந்தாலே மானிட்டர் இணைக்கலாம் என்று நினைக்க வேண்டாம். சிலவற்றில் சார்ஜும் ஃபைலும் மட்டும்தான் போகும், படம் போகாது; வாங்குமுன் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். நாள் முழுக்க உட்கார்ந்து வேலை செய்பவர் தனி மானிட்டர், தனி கீபோர்டு, தனி மவுஸ் மூன்றையும் வாங்கியே ஆக வேண்டும். லேப்டாப் திரையைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தால் கழுத்து போய்விடும். கணக்கு எழுதுபவருக்கு வலது பக்கம் எண் விசைகள் உள்ள கீபோர்டு அவசியம். எப்போதும் சார்ஜரிலேயே இருக்கப்போகிற லேப்டாப் என்பதால், பேட்டரி 80 சதவீதத்தோடு நிற்கும்படி செட்டிங்கில் மாற்றிவிடுங்கள்.

இனி டிஸ்குக்கு வருவோம். நம் ஊரில் கம்ப்யூட்டர் பழகியவர்களுக்கு ஒரு பாடம் ஊறிப்போயிருக்கிறது: சி டிரைவில் எதையும் வைக்காதே, டி டிரைவில் வை. விண்டோஸ் கெட்டுப்போனால் சர்வீஸ் பையன் சி-யை மட்டும் ஃபார்மட் அடிப்பான், டி தப்பிக்கும். புது லேப்டாப்புகள் பெரும்பாலும் சி என்ற ஒரே டிரைவோடுதான் வருகின்றன. பழைய பாடம் அங்கே செல்லாது. பழைய கம்ப்யூட்டரிலேயே அந்தப் பாடத்தில் ஓட்டை இருந்தது. டெஸ்க்டாப்பில் போட்டு வைத்ததும் டாக்குமென்ட்ஸில் சேமித்ததும் சி டிரைவில்தான் இருக்கும். பல கணக்கு மென்பொருள்களின் டேட்டா ஃபோல்டரும் அங்கேதான் கிடக்கும். டி டிரைவை மட்டும் அள்ளிக்கொண்டு 'எல்லாம் எடுத்தாச்சு' என்று பெட்டியைக் கொடுத்தவர்கள், மார்ச் மாதக் கணக்கு முடிக்கும்போதுதான் தேடுகிறார்கள்.

இன்னொரு பழக்கமும் நமக்கு உண்டு. தவறி அழிந்துவிட்டால் ரெக்கவரி கடையில் கொடுத்து மீட்டுக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை. சுழலும் ஹார்டு டிஸ்கில் அதற்கு நியாயம் இருந்தது. அழித்த ஃபைலின் முகவரிதான் போகும். மேலே வேறொன்று எழுதப்படும் வரை உள்ளடக்கம் அப்படியே கிடக்கும். இப்போது வரும் எஸ்எஸ்டி-யில், ஒரு ஃபைலை அழித்ததும் அந்த இடம் இனித் தேவையில்லை என்று விண்டோஸே டிரைவுக்குச் சொல்லிவிடுகிறது. டிரைவ் தன் வசதிக்கு அதைத் துடைத்துவிடும். டிரிம் என்று அதற்குப் பெயர். துடைத்த பிறகு எந்தக் கடைக்காரராலும் ஒன்றும் செய்ய முடியாது.

இதற்கு மேல் ஒரு பூட்டும் இருக்கிறது. விண்டோஸ் 11 லேப்டாப்பை ஆன் செய்து ஒரு மைக்ரோசாஃப்ட் கணக்கால் உள்ளே நுழைந்ததும், பெரும்பாலானவற்றில் டிஸ்க் முழுவதும் தானாகவே என்கிரிப்ட் ஆகிவிடும். அதைத் திறக்க 48 இலக்க மீட்பு எண் ஒன்று உருவாகி, அந்தக் கணக்கில் போய் உட்காரும். திருடன் கையில் சிக்கினால் இந்தப் பூட்டு நமக்குக் காவல். ஆனால் நம் கடைகளில் நடப்பதை யோசித்துப் பாருங்கள். "நாங்களே செட் பண்ணித் தர்றோம் சார்" என்று கடைப்பையன் தனக்குத் தெரிந்த ஏதோ ஒரு மெயில் ஐடியைப் போட்டு ஆன் செய்து கொடுக்கிறான். மீட்பு எண் அந்த ஐடிக்குப் போய்விடுகிறது. இரண்டு வருடம் கழித்து மதர்போர்டு மாற்றும்போது நீலத்திரை அந்த எண்ணைக் கேட்கும். பையன் வேலையை விட்டுப் போயிருப்பான். லேப்டாப்பை வீட்டில், உங்கள் சொந்தக் கணக்கில், நீங்களே முதல்முறை ஆன் செய்யுங்கள். அன்றைக்கே அந்த 48 எண்களைத் தாளில் எழுதி, பத்திரம் வைக்கிற இடத்தில் வையுங்கள். கடையில் ஏற்கெனவே போட்டுக் கொடுத்திருந்தால், செட்டிங்கில் எந்தக் கணக்கு இருக்கிறது என்று இன்றே பாருங்கள்.

மேகத்தில் எல்லாம் இருக்கிறதே என்பார்கள். மைக்ரோசாஃப்டின் ஒன்டிரைவ் இலவசமாகத் தருவது 5 ஜிபி. ஒரு கல்யாண ஆல்பத்துக்கே போதாது. அதோடு, ஒரு பக்கம் அழித்தால் மறுபக்கமும் அழிந்துவிடும். அதைக் காப்புப் பிரதி என்று எண்ணுவது ஆபத்து.

என்னை அதிகம் உறுத்துவது தமிழ் ஃபைல்கள்தான். டிடிபி கடை நடத்தும் நண்பர் ஒருவர், இருபது வருட வேலையையும் புது லேப்டாப்புக்கு மாற்றச் சொல்லியிருந்தார். மாற்றி முடித்த உதவியாளர் சொன்னது: "அண்ணே, ஃபைல் எல்லாம் வந்துடுச்சு. ஆனா ஒண்ணுகூடத் தமிழா இல்ல."

எல்லா மொழிகளுக்குமான பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் கிடைத்தது. விண்டோஸ் 2000-இல் லதா எழுத்துரு வந்தது. தமிழக அரசு 2010-இல் யூனிகோடை ஏற்றது. ஆனால் அச்சுத் தொழில் வேறு வழியில் போனது. பாமினி, வானவில், டாம், டாப் என்று ஆளுக்கொரு முறையில் அடித்துக் குவித்தோம். பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் கம்ப்யூட்டர் உள்ளே எழுதிக்கொள்வது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையும்தான். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உருவத்தை மாட்டிவிடுகிறது. அந்த எழுத்துரு இல்லாத லேப்டாப்பில் உருவம் கழன்று ஆங்கிலக் கிறுக்கலே மிஞ்சும். தேடினாலும் கிடைக்காது. நண்பரின் கடையில் கும்பாபிஷேக மலர்கள், ஊர்ப் புலவர்களின் கவிதைத் தொகுப்புகள், தல வரலாறுகள், கருமாதிப் பத்திரிகைகள் எல்லாம் அப்படித்தான் கிடந்தன. அவற்றில் பலவற்றுக்கு அச்சுப் பிரதிகூட இன்று யாரிடமும் இல்லை.

வழி எளியது, பழைய டிஸ்க் கையில் இருக்கும் வரை. சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபான்ட்ஸ் என்ற ஃபோல்டர் இருக்கிறது. அதை முதலில் பிரதி எடுத்து, வேண்டிய எழுத்துருக்களைப் புது லேப்டாப்பில் நிறுவினால் ஃபைல்கள் மறுபடி தமிழில் தெரியும். நண்பருக்கு நடந்தது அதுதான். டிஸ்க் அவர் மேசையிலேயே இருந்தது. பெட்டியை விற்றுவிட்டிருந்தால், எந்த எழுத்துருவில் அடித்தோம் என்பதைக் கண்டுபிடிக்கவே பெரும்பாடு பட்டிருப்பார்.

பிறகு ஒவ்வொன்றாக யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் மாற்றியதைக் கண்ணால் படித்தே தீர வேண்டும். தமிழுக்கு நடுவே ஆங்கிலத்தில் இருந்த பெயரையும் முகவரியையும் கருவி தமிழென்று நினைத்துப் பிறழ்த்திவிடும். 'கொ' என்பதைப் பழைய முறையில் கொம்பு முதலில், பிறகு ககரம், பிறகு கால் என்று வரிசையாக அடித்தோம். யூனிகோடில் ககரம்தான் முதலில். இந்த இடம் மாற்றத்தில் பல கருவிகள் தடுமாறுகின்றன. மாற்றிய பிறகும் மூல ஃபைலை அழிக்காதீர்கள்.

விரல் பழக்கத்தையும் மறக்க வேண்டாம். தமிழ்99 விசைப்பலகை விண்டோஸ் 11-இலேயே இருக்கிறது. பழைய டைப்ரைட்டர் முறையில் ஹையர் பாஸ் செய்தவர்கள் இ-கலப்பை போன்ற இலவச மென்பொருளைப் போட்டுக்கொண்டு அதே வேகத்தில் அடிக்கலாம். வேகமாக அடிக்கிற ஒருவரை ஐம்பது வயதில் புது விசைப்பலகைக்குத் தள்ள யாருக்கும் உரிமையில்லை.

லேப்டாப் எதற்கு, அதே பணத்தில் நல்ல டெஸ்க்டாப்பே வாங்கலாமே என்பவர்களும் உண்டு. பாகங்களை மாற்ற அது வசதிதான். அப்போதும் பழைய டிஸ்க் பழைய டிஸ்க்தான்.

பெட்டியைக் கொடுப்பதாக இருந்தால் டிஸ்கைக் கழற்றிக்கொண்டு கொடுங்கள். சில திருகுகள், இரண்டு கேபிள். பக்கத்து மூடியைத் திறந்தால் கண்ணுக்குத் தெரியும். சாட்டா-யூஎஸ்பி கேபிள் ஒன்று வாங்கினால் லேப்டாப்பில் நேராக இணைக்கலாம். டெஸ்க்டாப்பின் 3.5 இஞ்ச் டிஸ்குக்கு 12 வோல்ட் வேண்டும் என்பதால் தனி அடாப்டரோடு வருகிற கேபிளாகக் கேளுங்கள். எக்ஸ்டெர்னல் டிஸ்க் இரண்டில் பிரதி எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். ஒவ்வொரு ஃபோல்டரிலும் நாலைந்து ஃபைலைத் திறந்து பார்த்துவிட்டு, பழைய டிஸ்கின் மேல் தேதி எழுதி ஒட்டி அலமாரியில் வையுங்கள். யாரிடமும் கொடுக்க வேண்டாம்; அந்த டிஸ்கில் உங்கள் ஆதார் நகலும் பேங்க் ஸ்டேட்மென்டும் வாடிக்கையாளர்களின் பத்திர நகல்களும் இருக்கின்றன. க்விக் ஃபார்மட் அடித்துக் கொடுத்தாலும் அடுத்தவர் மீட்டெடுத்துவிட முடியும்.

டிஸ்க் இல்லாத பெட்டிக்குத் தள்ளுபடி குறையும் என்று கடையில் சொன்னால், குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.