பிரேக் விளக்கு விட்டு விட்டு எரிகிறதா? எப்போது எரிகிறது என்று பாருங்க

உப்பிலியபுரத்திலிருந்து சோபனபுரம் வழியாகப் பச்சைமலை ஏறுகிறீர்கள். பழைய கார். வளைவில் திரும்பும்போது மட்டும் டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு ஒரு நொடி எரிந்து அணைகிறது. “லூஸ் காண்டாக்ட்டா இருக்கும், விடுங்க” என்று சொல்லிவிடுவோம். பெரும்பாலும் அது ஒயர் கோளாறு இல்லை. பிரேக் ஆயில் குறைந்திருக்கும்.

வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி போட்ட அந்த விளக்குக்குப் பல கார்களில் இரண்டு வேலை. ஹேண்ட் பிரேக் போட்டிருந்தால் எரியும். ஆயில் குறைந்தாலும் எரியும். ஆயில் டப்பாவுக்குள் ஒரு மிதவை இருக்கிறது. ஆயில் மட்டம் ‘மின்’ கோட்டை ஒட்டி நின்றால், வளைவிலும் சரிவிலும் ஆயில் ஒரு பக்கம் சாயும், மிதவை இறங்கும், விளக்கு எரியும். சமதளத்துக்கு வந்ததும் அணைந்துவிடும்.

மேடுபள்ளத்தில் மட்டும் மினுக்கினால் ஹேண்ட் பிரேக் சுவிட்சைச் சந்தேகப்படலாம். லிவரைக் கீழே அழுத்திப் பாருங்கள். அணைந்தால் கோளாறு அங்கேதான், சின்ன வேலை. கூடவே மஞ்சள் நிற ஏ.பி.எஸ். விளக்கும் எரிந்தால் ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் போக வேண்டியதுதான்.

ஆயில் குறைந்தால் உடனே ஊற்றிவிடுவதுதான் நம்ம ஊர் வழக்கம். ஆனால் பிரேக் ஆயில் என்ஜின் ஆயில் மாதிரி எரிந்து தீர்வதில்லை. குறைந்தால் காரணம் இரண்டுதான்: பிரேக் பேட் தேய்ந்திருக்கிறது, அல்லது எங்கோ கசிகிறது. பேட் தேயத் தேய, பிஸ்டன் வெளியே நகர்ந்து அந்த இடத்தை ஆயில் நிரப்பும். அப்போது ஆயில் ஊற்றினால் விளக்கு அணையும், பேட் தேய்ந்தபடியே இருக்கும். கசிவு இன்னும் ஆபத்து. பின்சக்கரங்களின் உள்பக்கம் ஈரமா, பெடல் வழக்கத்தைவிடக் கீழே போகிறதா என்று பாருங்கள். இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் காரை ஓட்டாதீர்கள்; மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

செல்போன் இங்கே நன்றாகவே உதவும். விளக்கு எரியும்போது பக்கத்தில் இருப்பவர் வீடியோ எடுக்கட்டும், ஓட்டுபவர் வேண்டாம். மெக்கானிக்கிடம் போனால் விளக்கு எரியவே எரியாது. அப்போது அந்த வீடியோதான் பேசும். வாரம் ஒருமுறை, சமதளத்தில், ஆயில் டப்பாவைப் போட்டோ எடுத்து வையுங்கள். மட்டம் இறங்குவது தெரிந்துவிடும்.

ஆயில் எந்த வகை என்பது டப்பா மூடியிலேயே இருக்கும்: டாட் 3 அல்லது டாட் 4. வேறு எண்ணெய் ஊற்றினால் ரப்பர் ஊதிக் கெடும். பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும். புதிய டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். மலை இறங்கும்போது தொடர்ந்து பிரேக் மிதித்தால் அந்தச் சூடு வந்துவிடும். அதனால் சுமார் 2 வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

சொந்தக் காருக்கு 15 வருடம் முடிந்தால் ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். அப்போது வண்டியை ஆய்வுக்குக் காட்ட வேண்டியிருக்கும். முடியும் தேதி எம்பரிவாகன் செயலியில் தெரியும். அதற்கு 60 நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பிரேக் வேலையை அதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.