மெலிய மறுக்கும் உடல்

கந்தசஷ்டி ஆறு நாளும் பாலும் பழமுமாக இருந்தவர் சிலர், பாறணை முடிந்த சில நாட்களிலேயே இழந்த எடையை மீளப் பெற்றுவிடுகின்றனர். ஆறு நாளில் இறங்குவதிற் பெரும்பகுதி நீரே. அது திரும்புவதில் வியப்பில்லை.

மாதக்கணக்கில் உணவைக் குறைப்பவரின் இடர் வேறு. உடல் அதைப் பஞ்சமென்றே கொண்டு, ஓய்ந்திருக்கையிற் செலவிடும் சக்தியையும் சுருக்கிக்கொள்கிறது. 1944, 1945 ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் 36 ஆடவரைக் கொண்டு நடந்த ஆய்வு இதைக் காட்டிற்று. கொழுப்பிலிருந்து சுரந்து பசியைத் தணிக்கும் லெப்டின், 1994 இல் அறியப்பட்டது. கொழுப்புக் குறைய அதுவும் குறைகிறது; பசி பெருகுகிறது. இதனை மனவுறுதிக் குறைவென்று பழித்தல் தகாது.

யாழ்ப்பாணத்தில் இன்னொன்றும் உண்டு. தோட்டங்களில் ஒருவர் துலா மிதிக்க, மற்றவர் பட்டை பிடித்து நீரிறைத்த காலம் போய், இயந்திரம் வந்தது. உழைப்புக் குறைந்தது, பிட்டின் அளவு குறையவில்லை. சோற்றைக் குறைத்தவரும் தேங்காய்ப்பாலைக் கணக்கிடுவதில்லை. ஒரு கிராம் மாப்பொருள் ஏறத்தாழ 4 கலோரி தரும், கொழுப்போ 9. சம்பலும் சொதியும் துணைக்கறிதானே என்பார்கள்! பாறணைக்கு மறுநாள், இடியப்பத்தின்மேல் ஊற்றும் சொதியிலிருந்தே கணக்கைத் தொடங்கலாம்.