இரும்புக்கையைத் தேடி ஈரோட்டுக்கு

2018 ஆகஸ்ட் மாதத்து முதல் சனிக்கிழமை. மறையூரிலிருந்து உடுமலைக்குப் போகும் காலை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். மூணாறு பக்கம் இரண்டு மாதமாக விடாத மழை. மறையூரில் தூறல்தான். சந்தனக் காட்டு வேலியைத் தாண்டி பஸ் இறங்க இறங்க மழை பின்னால் நின்றுவிட்டது. சின்னாறு வந்ததும் வறட்டுக் காற்று, முள்மரம், வெயில். மலையின் ஒரு பக்கம் அடித்துப் பெய்யும்போது இந்தப் பக்கம் ஏங்கிக் கிடக்கும். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது பழகிப்போன காட்சி.

மடியில் ஒரு துணிப்பை. அதில் மறையூர் வெல்ல உருண்டை இரண்டு கிலோ, ஈரோட்டில் பார்க்கப்போகும் சிநேகிதர்களுக்காக. கூடவே நான்காக மடித்த ஒரு தாள், என்னென்ன புத்தகம் வாங்க வேண்டுமென்ற பட்டியல். நான் தமிழ் மீடியம் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவள், அவ்வப்போது எழுதுகிறவள். வருடத்தில் ஒரு தரம் இப்படிக் கிளம்புவது காமிக்ஸுக்காக.

ஈரோட்டில் மக்கள் சிந்தனைப் பேரவை 2005 முதல் ஆகஸ்ட் மாதங்களில் புத்தகத் திருவிழா நடத்துகிறது. அதையொட்டி சிவகாசியின் லயன்-முத்து காமிக்ஸ் வாசகர்கள் ஒன்றுகூடுவார்கள். பெரிய விழாவாக நினைத்துவிட வேண்டாம். ஒரு ஹோட்டல் அரங்கு, ஒரு மைக், பதிப்பாசிரியர், தமிழில் படக்கதை படிக்கிற கூட்டம். இது இல்லாவிட்டால் என் வருடம் முழுதாகாது.

காரணம் அப்பா. அவர் டீ ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். சம்பளம் வந்த வாரம் சாமான் வாங்க உடுமலைக்கு இறங்குவார். திரும்பி வரும்போது அரிசி மூட்டைக்கும் தேங்காய்க்கும் நடுவே, பஸ் ஸ்டாண்ட் புத்தகக் கடையில் வாங்கிய ஒரு முத்து காமிக்ஸ் இருக்கும். உள்ளங்கை அளவு. மட்டமான காகிதம், அடித்த மையின் வாசனை. அந்த வாசனையோடு மலைச்சாலையின் டீசல் வாடையும் சேர்ந்துதான் எனக்குத் தமிழ் எழுத்து அறிமுகமானது.

முத்து காமிக்ஸை 1972-ல் சிவகாசியில் தொடங்கியவர் சௌந்தரபாண்டியன். முதல் புத்தகமே ‘இரும்புக்கை மாயாவி’. இங்கிலாந்தின் ‘வேலியன்ட்’ வார இதழில் 1962-ல் தொடங்கிய தொடர் அது. வரைந்தவர் ஸ்பெயின்காரரான ஹெசூஸ் பிளாஸ்கோ. ஆய்வுக்கூட விபத்தில் வலது கையை இழந்த லூயிஸ் கிராண்டேலுக்கு இரும்புக்கை பொருத்துகிறார்கள். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார். இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும். காரணம் கேட்காமல் நம்பினோம். தேயிலைத் தோட்டத்து லைனில் எங்கள் வீட்டுக்கு அப்போது கரண்ட் வந்திருக்கவில்லை. ஃபேக்டரி பக்கம் போனால் மின்கம்பத்தை மரியாதையோடு அண்ணாந்து பார்ப்பேன்.

எங்களைப் போன்ற கேரள எல்லைப் பிள்ளைகளுக்கு இன்னொரு மாயாவியும் உண்டு. மலையாள ‘பாலரமா’வில் 1984 முதல் வருகிற குட்டி மாயாவி. குட்டூசன், டாகினி, லுட்டாப்பி கூட்டத்திடமிருந்து ராஜுவையும் ராதாவையும் காப்பாற்றுகிற நல்ல குட்டிச்சாத்தான். பள்ளிக்கூடத்தில் “மாயாவி படிச்சியா?” என்று யாராவது கேட்டால், எந்த மாயாவி என்று திருப்பிக் கேட்டாக வேண்டும். 1956-ல் மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது எங்கள் ஊர் இருக்கும் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு போயின. அதைப் பற்றிப் பெரியவர்கள் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். இரண்டு மாயாவிகளோடு வளர்ந்ததில் எனக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. ஆனால் பாலரமா தெருமுனையிலேயே கிடைத்தது. முத்து காமிக்ஸுக்கு மலை இறங்க வேண்டியிருந்தது. ஒரு பிள்ளை எந்த மொழியில் ஆசையாகப் படிக்கப் பழகுகிறது என்பதை அந்தத் தூரமும் சேர்ந்து தீர்மானிக்கிறது என்பதை, வகுப்பில் நின்று பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

ஒன்பதாறு செக்போஸ்ட் தாண்டி, அமராவதி அணைப் பக்கமாக வந்து, எட்டு மணிக்கு உடுமலை. அண்ணன் காரோடு காத்திருந்தான். கல்யாணமாகிப் பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் குடியேறி, தென்னந்தோப்பு பார்க்கிறான். கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சி வந்து, அங்கிருந்து வந்திருந்தான். அப்பா காமிக்ஸ் வாங்கிய அந்தப் புத்தகக் கடை இருந்த மூலையில் இப்போது ஒரு செல்போன் கடை. இரண்டு பேருமே அந்தப் பக்கம் ஒரு தரம் பார்த்தோம். பேசவில்லை.

“ஏறு பாப்பா. சாப்பாடு தாராபுரத்துல பாத்துக்கலாம்” என்றான். பின் சீட்டில் அவன் மகள், ஒன்பது வயது, கையில் பாலரமா.

“அத்தே, நீங்க போற எடத்துல எல்லாரும் பெரியவங்களா?”

“ஆமா கண்ணு. எல்லாருமே உங்கப்பா வயசு.”

உண்மையைத்தான் சொன்னேன். அந்தக் கூட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருகிற கவலையும் அதுதான்.

தாராபுரம் ரோட்டில் இரண்டு பக்கமும் காற்றாலைகள். ஆடிக் காற்றில் எல்லாம் சுற்றிக்கொண்டிருந்தன. காங்கயம் தாண்டும்போது களங்களில் தேங்காய்ப் பருப்பு காய்ந்துகொண்டிருந்தது. அண்ணன் காரை மெதுவாக்கி, காய் என்ன விலைக்குப் போகிறது என்று தன் கணக்கைச் சொன்னான். பின் சீட்டில் பாலரமா முடிந்துவிட்டது. என் பையிலிருந்து பழைய டெக்ஸ் கௌபாய் படக்கதை ஒன்றை எடுத்துக் கொடுத்தேன்.

பிள்ளை படிப்பது மலையாள மீடியம். வீட்டில் பேசுவது தமிழ். தமிழ் எழுத்து பாதி தெரியும். அவளுக்கு இடறிய இடத்தை நான் எதிர்பார்க்கவில்லை. “அத்தே, இத ‘க’ன்னு அழுத்திப் படிக்கணுமா, மெல்லமாப் படிக்கணுமா?” மலையாளத்தில் அந்த வரிசைக்கு நான்கு எழுத்து. தமிழில் ஒன்றே ஒன்று. இடத்தைப் பார்த்துத்தான் ஒலி. இலக்கணமாகச் சொன்னால் அரை மணி நேரம் ஆகும். படக்கதை ஒரு நொடியில் சொல்லிக்கொடுத்தது. துப்பாக்கி முனையில் புகை, மேலே பெரிய எழுத்தில் ‘டுமீல்’. அதை அவள் தடுமாறாமல் படித்தாள். அடுத்த கட்டத்தில் ‘மடேர்’. அதையும் படித்தாள். படம் முன்னால் போய் அர்த்தத்தைச் சொல்லிவிட்டதால் எழுத்து பயமுறுத்தவில்லை. இதைப் பாடத்திட்டத்தில் சேர்க்கச் சொல்லி யாரிடம் கேட்பது என்று அன்று முழுக்க யோசித்தேன்.

ஈரோட்டில் வ.உ.சி. பூங்கா மைதானத்தில் திருவிழா. நாங்கள் நேராக வாசகர் சந்திப்புக்குப் போனோம். நாற்காலிகள் நிறைந்து சுவரோரம் ஆட்கள் நின்றார்கள். மில் வேலை, பாங்க் வேலை, வாத்தியார், டிரைவர் என்று எல்லாவிதமான ஆட்களும். பெண்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். உள்ளே நுழைந்ததும் காதில் விழுகிற வார்த்தைகள் வேறு எங்கும் கேட்காதவை: சந்தா, மறுபதிப்பு, குண்டு புக். பக்கம் கூடிய சிறப்பிதழுக்கு இங்கே எல்லோரும் வைத்திருக்கும் செல்லப் பெயர் குண்டு புக். அந்த வருடத்துக் குண்டு புக் ‘இரத்தப் படலம்’, முழு வண்ணத்தில், மூன்று தொகுதியாக.

நினைவிழந்து கடற்கரையில் ஒதுங்குகிறான் ஒருவன். கழுத்தருகே ரோமன் எண்ணில் பதின்மூன்று என்று பச்சை குத்தியிருக்கிறது. தான் யார் என்று அவன் தேடுவதுதான் கதை. பெல்ஜியத்துக்காரர்கள் ஜான் வான் ஹாம் எழுத, வில்லியம் வான்ஸ் வரைந்து 1984-ல் தொடங்கிய தொடர். அதே 1984 ஜூலையில்தான் சௌந்தரபாண்டியனின் மகன் விஜயன், பதினேழு வயதில், ‘கத்திமுனையில் மாடஸ்டி’யோடு லயன் காமிக்ஸைத் தொடங்கினார். தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸும் அந்த வருடமே வந்தது. அது 2005-ல் நின்றது. லயன் தடுமாறியது, சில வருடங்களில் எப்போதாவது ஒரு புத்தகம்தான் வந்தது, ஆனால் நிற்கவில்லை. 2010-ல் ‘இரத்தப் படல’த்தின் 18 பாகங்களையும் கறுப்பு வெள்ளையில் ஒரே புத்தகமாகக் கொண்டுவந்தார்கள். 2012 ஜனவரியில் ‘கம்பேக் ஸ்பெஷல்’ வந்தது. அதற்குப் பிறகு நல்ல தாளில், வண்ணத்தில், மாதம் தவறாமல் புத்தகங்கள்.

இதை நடத்துவது எவ்வளவு சிரமம் என்பதை வெளியில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஐரோப்பியப் பதிப்பாளருக்கு உரிமைத்தொகை முன்னாலேயே கட்டியாக வேண்டும். வண்ண அச்சுக்கு நான்கு தகடு. ஐந்நூறு பிரதி அடித்தாலும் ஐயாயிரம் அடித்தாலும் தகட்டுச் செலவு அதேதான். பிரதி குறையக் குறைய ஒவ்வொன்றின் தலையிலும் செலவு ஏறும். கடையில் போட்டு விற்றுவரும் பணத்துக்குக் காத்திருக்க முடியாது. அதனால்தான் சந்தா. வருடத் தொடக்கத்தில் வாசகர்கள் மொத்தமாகப் பணம் கட்டிவிடுவோம், மாதா மாதம் பார்சல் வரும். எங்கள் ஊருக்கு ஒரு ஜூலையில் கூரியர்க்காரர்கள் கொண்டுவந்த பெட்டி, தண்ணீரில் ஊறிய ரொட்டி மாதிரி இருந்தது. ஒவ்வொரு பக்கமாகப் பிரித்து விறகடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயவைத்தேன். அந்தப் புத்தகங்களில் இன்றைக்கும் புகை வாசனை அடிக்கும்.

பிறகு, மொழிபெயர்ப்பு. பிரெஞ்சுக்காரன் மூன்று சொல்லில் முடிப்பதற்குத் தமிழில் ஒரு நீளமான வினைமுற்று வேண்டியிருக்கும். பலூனோ அவன் அளவுக்குப் போட்டது. அதைப் பெரிதாக்கினால் பின்னாலிருக்கும் முகம் மறையும். எழுத்தைச் சிறிதாக்கினால் நாற்பதைத் தாண்டியவர்கள் படிக்க முடியாது. சொல்லைத்தான் செதுக்க வேண்டும். புதிய தொகுதியைத் திறந்து ஒரு பக்கத்தை வெகுநேரம் பார்த்தேன். சின்னஞ்சிறு பலூன் ஒன்றில் ‘அவனா?’ என்று மட்டும் இருந்தது. அந்த முகத்துக்கு அதற்கு மேல் ஒரு எழுத்தும் தேவைப்படவில்லை. சிறுகதை எழுதுகிறவர்கள் இந்தப் பலூன்களில் ஆறு மாதம் வேலை பார்க்க வேண்டும் என்று மனப்பூர்வமாகச் சொல்கிறேன்.

விஜயன் கேள்விகளுக்கு நின்றபடியே பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த வருடம் என்ன வரும், எந்தப் பழைய கதை மறுபடி வரும், கார்ட்டூன் கதைகள் ஏன் குறைகின்றன? அட்டைப்படத்தின் வண்ணம் சரியில்லை என்று ஒருவர் சண்டைக்கே போனார். பணம் முன்கூட்டியே கட்டியவருக்கு அந்த உரிமை உண்டு. அச்சிடுகிறவரும் படிக்கிறவரும் இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதைத் தமிழ்ப் பதிப்புலகில் வேறெங்கும் நான் அதிகம் பார்த்ததில்லை.

உலகத்தில் இப்படிப்பட்ட கூடுகைகள் பல உண்டு. பிரான்சின் அங்குலெம் நகரில் 1974 முதல், தோக்கியோவில் 1975 முதல் நடக்கின்றன. அமெரிக்காவில் சிறு பதிப்பாளர்களுக்கென்றே 1994-ல் ஒன்று தொடங்கினார்கள். அங்கெல்லாம் வரைந்தவரே மேசை போட்டு உட்கார்ந்து தன் புத்தகத்தை விற்பார். ஈரோட்டில் எனக்கு ஏக்கமாக இருப்பது அந்த மேசைகள்தான். நம்மிடம் ஸ்பெயின்காரரும் இத்தாலிக்காரரும் பெல்ஜியத்துக்காரரும் இருக்கிறார்கள், அவர்களை நேசிக்கிறேன். கொழுந்துக் கூடையும் காலையில் ஊதும் சங்கும் உள்ள ஒரு தமிழ்ப் படக்கதையை இதுவரை நான் கையில் பிடித்ததில்லை. பக்கத்தில் கேரளத்தில், ரப்பர் வாரியத்தில் வேலை பார்த்துக்கொண்டே அரவிந்தன் 1961-ல் ‘மாத்ருபூமி’ வார இதழில் சிறிய மனிதர்களையும் பெரிய உலகத்தையும் வரையத் தொடங்கினார், வருடக்கணக்கில் வரைந்தார். சினிமா இயக்குநராக அவரை உலகம் அறிந்தது அதற்குப் பிறகுதான். நம் பிள்ளைகளில் ஒருத்தி ஏன் வரையக் கூடாது?

அண்ணன் தனக்கு டெக்ஸ் வாங்கினான். பட்டியலில் இல்லாத ஒன்றை நான் வாங்கினேன். ‘இரும்புக்கை மாயாவி’ மறுபதிப்பு, பள்ளிக்கூடத்துக்காக.

ஞாயிறு மாலை மறையூர் வந்துவிட்டேன். வியாழக்கிழமை, ஆகஸ்ட் 9, இருபத்தாறு வருடத்துக்குப் பிறகு இடுக்கி அணையின் மதகைத் திறந்தார்கள். அதற்கடுத்த வாரம் கேரளத்தை மூழ்கடித்த வெள்ளம் எல்லோருக்கும் தெரியும். பெரியவாரைப் பாலம் போனது, மூணாறுக்கும் எங்களுக்கும் வழி அறுந்தது. கரண்ட் இல்லை, போன் இல்லை. பள்ளிக்கூடமும் இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஐந்தாறு பேர் சாயங்காலமானால் எங்கள் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மாயாவியைப் பிரித்து வைத்து, ஆளுக்கு ஒரு கட்டமாகப் படித்தோம். திக்கித் திக்கித்தான். யாருக்கும் அவசரமில்லை.

கிராண்டேல் மின்கம்பியைத் தொடுகிறார், மறைகிறார், இரும்புக்கை மட்டும் தெரிகிறது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த பையன் கையை உயர்த்தினான்.

“டீச்சர், அவரு நம்ம ஊருக்கு வந்தா இப்ப மறையவே முடியாதில்ல?”

எல்லாப் பிள்ளைகளும் திரும்பி, தெருமுனையில் சாய்ந்து கிடந்த மின்கம்பத்தைப் பார்த்தார்கள்.